பதினேழாவது திட்டம்

எங்கள் கவுன்சிலர் தன் பேரனைப் பார்க்க சிங்கப்பூர் போய்விட்டு வந்த மறுநாளே என் கடைக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. கைபேசியை என் மேசைமேல் வைத்து, "தொபாரும்மா, ஒண்ணொண்ணா தள்ளிப் பாரு" என்றார். தள்ளினேன். பேரன் படம் மூன்று இருந்தது. மீதி எல்லாம் நடைபாதை, நீரூற்று, ராட்டினம், குப்பைத்தொட்டி. குப்பைத்தொட்டியை மட்டும் நான்கு கோணத்தில் எடுத்திருந்தார்.

"நம்ம எண்ணூர இப்டி ஆக்கணும்மா. நா சொல்லச் சொல்ல நீ டைப் அடி. தொலைநோக்குத் திட்டம். பொருளாதாரமும் வளரணும், பண்பாடும் வளரணும்."

எண்ணூர் மார்க்கெட் ஓரத்தில் டிடிபி, ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது இந்த ஊரில், வாக்கப்பட்டது ராயபுரத்தில். அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீட்டை விற்றுவிட்டு ஆவடிப் பக்கம் போய்விட்டான். எனக்கு இங்கே மிச்சம் இந்தக் கடை ஒன்றுதான். காலையில் பஸ் ஏறி வந்து, கீபோர்டில் படிந்த கரித்தூளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால் மாலை ஆறரைக்குத்தான் ஷட்டரை இறக்குவேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான். இந்த வட்டாரத்தில் யார் செத்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும்.

கவுன்சிலர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூப்பிட்டால் வருவார். மழைத் தண்ணீர் சடையங்குப்பத்தில் இடுப்பளவு நின்றபோது, அது தன் வார்டே இல்லை என்றாலும் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கியவர். அவருக்கு இருந்த ஒரே வியாதி சர்க்கரை. சிங்கப்பூரிலிருந்து இரண்டாவதாக இதையும் கொண்டு வந்துவிட்டார்.

ஒரு வாரம் தினமும் வந்தார். கழிமுகத்தில் படகு சவாரி என்றார், அடித்தேன். மீன் சாப்பாட்டுத் தெரு, அடித்தேன். கானா, குத்துச்சண்டை, கேரம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு பண்பாட்டு மையம், குளிர்சாதன வசதியுடன். கானா பாடுகிறவர்கள் ஒரு பக்கம் பாட, இன்னொரு பக்கம் மூக்கில் குத்திக்கொள்வார்கள் போல என்று நினைத்துக்கொண்டே அதையும் அடித்தேன். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்குக் கலர் விளக்கு போட வேண்டும் என்று அவர் சொன்னபோதுதான் கை நின்றது.

"அண்ணே, அது புகை விடுறது."

"உடட்டுமே. புகையில லைட் பட்டா இன்னா அழகா கீது தெரியுமா? அவங்க ஊர்ல காசு குடுத்து புகை போடுறான்மா. நமக்கு ஃப்ரீயா வந்துகினு கீது."

அந்த நிலையத்துச் சாம்பல் கொட்டிக் கிடக்கும் இடத்துக்கு வெள்ளைப் பாலைவனம் என்று பெயர் வைத்து, ஒட்டகம் விட வேண்டும் என்பது பதினாறாவது திட்டம். ஒட்டகத்துக்கு இருமல் வராதா என்று கேட்டேன். ஒட்டகம் தாங்கும் என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதையும் அடித்தேன்.

அன்றைக்கு அவர் டீ குடிக்க எழுந்து போன நேரத்தில் நானாகவே பதினேழாவதாக ஒன்றை அடித்துச் சேர்த்தேன். "மார்க்கெட் அருகே பெண்களுக்குக் கழிப்பறை."

என் கடை எட்டுக்குப் பத்து. அதில் கழிப்பறை கிடையாது. மார்க்கெட்டிலும் கிடையாது. ஆண்களுக்குக் கவலையே இல்லை. துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள் இருக்கின்றன, ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் ஒரு மறைவு இருக்கிறது. பெண்கள் எங்கே போவது? பக்கத்துப் பெட்ரோல் பங்கில் ஒன்று உண்டு, பூட்டு போட்டது. சாவி கேட்டால் மேனேஜர் சாப்பிடப் போயிருப்பார். காலை பத்து மணிக்கும் சாப்பிடத்தான் போயிருப்பார், மாலை நான்கு மணிக்கும் சாப்பிடத்தான் போயிருப்பார். அந்த மனிதர் எப்படித்தான் ஒல்லியாக இருக்கிறாரோ தெரியவில்லை. ஆகவே நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. எதிரில் கூடை வைத்து மீன் விற்கும் அக்காவும் அப்படித்தான். பூ விற்கிற பெண்ணும் அப்படித்தான். ஆனால் நாங்கள் ஒருவருக்கொருவர் இதைப் பேசிக்கொண்டதே இல்லை. மத்தியானத்தில் முகம் சுருங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே தெரிந்துகொள்வோம்.

இரண்டு முறை எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தேன். டாக்டரம்மா, "நிறையத் தண்ணி குடிங்க" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "குடிச்சிட்டு எங்க மேடம் போறது?" என்று கேட்டேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

கவுன்சிலர் டீ குடித்துவிட்டு வந்து திரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.

"இதுலாம் தொலைநோக்குல வருமாம்மா?"

"சிங்கப்பூர்ல இல்லியாண்ணே?"

"கீது. நா போட்டோ எடுக்கல."

"அப்ப எழுதிக்கலாம்."

"சரி, கடைசியா கெடக்கட்டும். மேடையில சொல்றதுக்கு ஒரு மாதிரியா கீது" என்றார். கடைசியில் கிடக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு முழுக்க முழுக்க என்னுடையது. திட்டங்களை மக்கள் முன்னால் படித்துக் காட்ட ஒரு கூட்டம் வைத்தார். ஃப்ளெக்ஸில் தலைப்பு என்ன போடலாம் என்று கேட்டார். எனக்கு அன்று ஏழு கண்ணீர் அஞ்சலி பாக்கி. கம்ப்யூட்டரில் பழைய ஃபைல் ஒன்று இருந்தது. அதைத் திறந்து, படத்தை மட்டும் மாற்றி, "மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்" என்று அப்படியே அச்சடித்துக் கொடுத்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் எந்த ஆலை வருவதென்றாலும், இருக்கிற ஆலை பெரிதாவதென்றாலும், முதலில் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். அதிகாரிகள் மேடையில் இருப்பார்கள். இங்கிலீஷில் படம் காட்டுவார்கள். நாங்கள் வரிசையாகப் போய் மைக்கில் "வேணாம்" என்போம். எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். பிறகு ஆலை வந்துவிடும். வள்ளூரிலிருந்து முகத்துவாரக்குப்பம் வரை எல்லா வீட்டிலும் குறைந்தது ஒருவராவது மைக்கில் வேணாம் சொன்னவர்தான். நான் காலேஜ் படிக்கும்போதே சொல்லியிருக்கிறேன். ஏன் வேணாம் என்று அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பா போய் சொல்லிட்டு வா என்றார், சொன்னேன்.

கூட்டம் அதே கல்யாண மண்டபத்தில். அதே சிவப்பு நாற்காலி, அதே டீக்காரர். வாசலில் என் ஃப்ளெக்ஸ். உள்ளே நுழைந்தவர்கள் எல்லாரும் தலைப்பைப் படித்ததுமே முகத்தை இறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் ரிட்டயர்டு ஃபிட்டர். அவர் இல்லாமல் இங்கே எந்தக் கூட்டமும் நடந்ததில்லை. மடியில் ரெக்சின் பை, பைக்குள் முப்பது வருஷத்து ஆட்சேபக் கடிதங்கள். எந்த ஆலைக்கு எதைப் படிக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

கவுன்சிலர் வெள்ளைச் சட்டை மொடமொடக்க மேடை ஏறினார். மைக்கைப் பிடித்ததும் தமிழ் மாறிவிட்டது. "என் உயிரினும் மேலான வாக்காளப் பெருமக்களே, நமது பகுதியின் பொருளாதார, பண்பாட்டு மறுமலர்ச்சிக்காக" என்று ஆரம்பித்து, "திட்டம் ஒன்று, மாபெரும் ராட்டினம்" என்றார்.

ஃபிட்டர் எழுந்தார். "ராட்டினத்துலேந்து இன்னா வெளிய வரும்? புகையா, தண்ணியா?"

"ரெண்டும் வராதுங்க. ஜனங்க ஏறி சுத்துவாங்க."

"எல்லாரும் மொதல்ல அப்டித்தான் சொல்றாங்கோ. கடலுக்குள்ள பைப்பு உடுவீங்களா, மாட்டீங்களா? அத்த சொல்லு."

பைப்பு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். மண்டபமே எழுந்து "வேணாம்!" என்றது. கவுன்சிலர் சிரிக்கப் பார்த்தார். இரண்டாவது திட்டம் படகு சவாரி. "வேணாம்!" மீன் சாப்பாட்டுத் தெரு. "ஊர்க்காரனுக்கு வேல குடுக்கிறேன்னு சொல்லுவீங்கோ, வாட்ச்மேனுக்குக்கூட வெளியூர் ஆள இட்டுகினு வருவீங்கோ!" என்றார் ஒருவர். "வேணாம்!" பண்பாட்டு மையத்துக்கு மட்டும் பின்வரிசை இளைஞர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். அதற்குள் முன்வரிசை வேணாம் சொல்லிவிட்டதால் அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

பத்தாவதுக்கு மேல் அது கோரஸ் ஆகிவிட்டது. அவர் எண்ணைச் சொல்லி, பெயரைச் சொல்லி, ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சுக்குள் எல்லாரும் சேர்ந்து "வேணாம்" என்பார்கள். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. எத்தனையோ நாள் மனதில் கிடந்தது எல்லாம் வெளியே வந்தது. மீன் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வேணாமுக்கும் என் தொடையில் ஒரு தட்டு தட்டினாள். நானும் கத்தினேன். ஒட்டகத்துக்கு நான் கத்திய கத்தலில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

"திட்டம் பதினேழு. மார்க்கெட் பக்கத்துல லேடீஸுக்குக் கக்கூஸ்."

"வேணாம்!"

அந்தக் கூட்டத்தில் என் குரல் எனக்கே தனியாகக் கேட்டது. எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் சொல்லியிருந்தேன்.

மீன் அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "இன்னாத்துக்குடி வேணாம்ன?"

"நீயுந்தானக்கா சொன்ன."

"நா உனக்கு சப்போட்டா சொன்னேன்டி!"

மேடையில் கவுன்சிலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைலை மூடினார். மைக்கில் நன்றிகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார். அவருடைய உதவியாளர், நல்ல பையன், சொன்ன வேலையைச் சரியாகச் செய்கிறவன், நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதினான்: பதினேழு திட்டங்களுக்கும் பொதுமக்கள் ஒருமனதாக எதிர்ப்பு. அதை மறுநாளே மண்டல அலுவலகத்தில் கொடுத்தும் விட்டான்.

நான்கு நாள் கழித்துக் கவுன்சிலர் கடைக்கு வந்தார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். "ராட்டினம் வேணாம், சரி. போட் சவாரி வேணாம், சரி. ஒட்டகம் நா கொஞ்சம் ஓவராத்தான் போய்ட்டேன். கக்கூசு கூடவாம்மா வேணாம்? அதும் நீயி?"

 வெட்கமாக இருந்தது. அதற்கு அப்புறம்தான் அவர் விஷயத்தைச் சொன்னார். மண்டலத்துக்கு ஒரு பெண்கள் கழிப்பறை ஒதுக்கியிருக்கிறார்களாம். பட்டியலில் எங்கள் மார்க்கெட்தான் முதலில் இருந்ததாம். இவர் தொலைநோக்கு எழுதுவதற்கு முன்பே இருந்ததாம். இப்போது எதிர்ப்பு பதிவாகிவிட்டதால் வேறு வார்டுக்குத் தள்ளப் பார்க்கிறார்களாம்.

"மறுபடி ஒரு கூட்டம் போட்டுச் சொல்லலாமேண்ணே."

"எனுக்கு வாணாம்மா. எனுக்கு எதுவுமே வாணாம்" என்று எழுந்து போய்விட்டார். மனிதருக்கு உள்ளே அவ்வளவு பட்டிருந்தது.

இதை மீன் அக்காவிடம் சொன்னேன். கையில் இருந்த சங்கரா மீனைக் கூடையில் போட்டாள். கையைக்கூடக் கழுவவில்லை. நேரே கவுன்சிலர் ஆபீசுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஆபீஸ் மார்க்கெட்டிலிருந்து ஐந்தாவது கட்டடம்.

"நைனா, உன் ஆபீஸ்ல கக்கூஸ் கீதா?"

"கீது. எதுக்கு?"

"சாவிய குடு."

கவுன்சிலர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த தலைவர்கள் படங்களைப் பார்த்தேன். ஓட்டுப் போட்டவள் கேட்கிறாள், எப்படி இல்லை என்பது? கொடுத்தார். அக்கா போய் வந்தாள், சாவியைத் திருப்பித் தரவில்லை. கொண்டுபோய்ப் பூக்காரப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் காய்கறிக்காரியிடம், அவள் தையல் கடைப் பெண்களிடம். அன்று மாலைக்குள் சாவி மார்க்கெட் முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து கவுன்சிலர் ஆபீஸ் களை கட்டியது. பட்டா மாற்றக் கேட்டு வந்தவர், முதியோர் பென்ஷன் கேட்டு வந்தவர் எல்லாரும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பெஞ்சில் வரிசையாகப் பெண்கள். கால் அருகே மீன் கூடை, கீரைக்கட்டு. மின்விசிறிக் காற்றில் இறால் வாசம் தலைவர்கள் படம் வரைக்கும் போனது. சில பேர் காத்திருந்த நேரத்தில் அங்கேயே மீனும் விற்றார்கள். பென்ஷனுக்கு வந்த பெரியவர் ஒருவர் இரண்டு காணாங்கெளுத்தியோடு திரும்பிப் போனார். யாரையும் போகச் சொல்லும் தைரியம் கவுன்சிலருக்கு இல்லை. தேர்தல் தூரத்தில் இருந்தாலும் அவர் கண்ணுக்கு எப்போதும் பக்கத்தில்தான் இருக்கும்.

ஐந்தாவது நாள் நான் போனபோது கவுன்சிலர் தன் ஆபீஸ் கழிப்பறைக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மூன்று பெண்கள். சர்க்கரைக்காரர், மாத்திரை வேறு. முகம் சிவந்து, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற கீரைக்கார அம்மா, "நீ போ நைனா, எங்களுக்கு அடக்கிப் பழக்கந்தான்" என்று வழி விட்டாள்.

அவர் போகவில்லை. என்னைப் பார்த்து, "நீ இந்தக் கடையில எத்தினி வருசமாம்மா?" என்று கேட்டார்.

"பதினோரு வருஷம்."

"அத்தினி வருசமும்?"

தலையாட்டினேன். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அந்த மூன்று பெண்களும் போய் வந்த பிறகே உள்ளே போனார். வெளியே வந்ததும் உதவியாளரைக் கூப்பிட்டு, வண்டியை எடுக்கச் சொல்லி நேரே மண்டல அலுவலகத்துக்குப் போனார்.

மறு கூட்டம் மண்டபத்தில் இல்லை, மார்க்கெட் கொட்டகையிலேயே. ஃப்ளெக்ஸ் போடவில்லை, நான் போட விடவில்லை. ஒரு அதிகாரி, குறிப்பு எழுத ஒரு குமாஸ்தா, ஒரு மேசை, ஒரு மைக். எப்படியோ மோப்பம் பிடித்து ஃபிட்டரும் ரெக்சின் பையோடு வந்துவிட்டார். 

அதிகாரி எழுந்து, "இந்த இடத்தில் பெண்கள் கழிப்பறை கட்ட யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார்.

நான் முந்தானையால் என் வாயை நானே பொத்திக்கொண்டேன். பக்கத்தில் மீன் அக்காவும் பொத்திக்கொண்டிருந்தாள்.  எங்கள் ஊரில் கருத்துக் கேட்கும்போது இப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதே இல்லை. அதிகாரிக்கும் சந்தேகம் வந்து இரண்டாவது முறை கேட்டார்.

ஃபிட்டர் எழுந்தார். மைக்கைப் பிடித்தார். பைக்குள் கை விட்டார். கவுன்சிலர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆட்சேபம்..." என்று தொடங்கி ஃபிட்டர் நிறுத்தினார். பையிலிருந்து கையை எடுத்தார், கையில் காகிதம் இல்லை. "ஆட்சேபம் இல்ல சார்" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பையை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆட்சேபம் இல்லைன்னா மட்டும் போதாதுங்க. முன்ன எதிர்ப்புன்னு பதிவாயிருக்கு. வேணும்னு யாராச்சும் சொல்லணும். எழுதிக்கணும்" என்றார் அதிகாரி.

 பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எங்களுக்கு வேணாம் சொல்லத் தெரியும். என்ன வேணும் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. அதுவும் இந்த விஷயத்தை, லாரி டிரைவர்களும் டீக்காரரும் நின்று பார்க்க, மைக்கில் எப்படிச் சொல்வது? அந்த நேரத்தில் எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது, என் மேலேதான் அதிகம் வந்தது. எழுந்து போனேன். மைக்கைப் பிடித்தேன்.

"வேணும் சார்."

"எது வேணும்னு சொல்லுங்கம்மா."

"கக்கூசு வேணும். பதினோரு வருஷமா காலையில வந்தா வூட்டுக்குப் போற வரைக்கும் நாங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்ல சார்."

சொன்ன பிறகுதான் என் பேச்சில் ராயபுரமும் இல்லை, காலேஜும் இல்லை, பிறந்த ஊர் மட்டும்தான் இருந்தது என்று தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யார் யாருக்கு வேணுமோ கை தூக்குங்க" என்றார், குரலை இறக்கி.

முதலில் மீன் அக்கா தூக்கினாள். பிறகு பூக்காரப் பெண், கீரைக்கார அம்மா, தையல் கடைப் பெண்கள். பிறகு கொட்டகை முழுக்கக் கைகள். ஃபிட்டரும் தூக்கினார்.

"இது லேடீஸுக்குங்க" என்றார் அதிகாரி.

"தெரியும் சார். பூ விக்குதே, அது எம் பொண்ணு" என்றார் ஃபிட்டர். கையை இறக்கவில்லை.

குமாஸ்தா பேனாவால் காற்றில் குத்திக் குத்தி எண்ணிக்கொண்டே வந்தார். மீன் வரிசை முடிந்து காய்கறி வரிசைக்கு வந்ததும் எண்ணுவதை நிறுத்தினார். குனிந்து, "அனைவரும்" என்று எழுதினார்.